சாச்சியின் ஈரலில் ஒரு நீர்க்கட்டி

போன வருடம் மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை. அலவத்துகொடயிலிருந்து பேராதனைக்குப் புறப்பட்ட எங்களுக்கு அக்குறணையைத் தாண்டவே இரண்டு மணித்தியாலம் போனது. பிங்கா ஓயா பெருகி டவுனுக்குள் ஏறியிருந்தது. கடைக்காரர்கள் சாமான்களை மேல் தட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வேனின் பின் சீட்டில் சாச்சி, மடியில் ஒரு சொப்பின் பேக்கை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். உள்ளே அவருடைய ஸ்கேன் படம். மழை நனைத்துவிடும் என்று மூன்று பேக்குக்குள் போட்டுச் சுற்றியிருந்தார்.

"மகன், இதுல என்ன எழுதி இருக்குன்னு நீ ஒழுங்கா வாசிச்சியா?" என்று கட்டுகஸ்தோட்டைப் பாலம் வருவதற்குள் நான்கு தடவை கேட்டுவிட்டார்.

வாசித்திருந்தேன். ஈரலின் வலது பக்கத்தில் 9 சென்ரிமீற்றர் அளவில் ஒரு நீர்க்கட்டி, உள்ளே தடுப்புகள் தெரிகின்றன. எழுதியிருந்தது அவ்வளவுதான். 9 சென்ரிமீற்றர் என்றால் ஒரு பெரிய தோடம்பழம். ஒரு மனுசிக்குள் தோடம்பழம் அளவுக்கு ஒன்று வளர்ந்திருக்கிறது, ஒரு வருடமாக நாங்கள் எல்லாரும் அதைக் "கேஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரம், கொஞ்சம் சாப்பிட்டாலும் வயிறு நிறைந்த மாதிரி, சில நாட்களில் தோள்பட்டை வரை ஒரு இழுவை. இவ்வளவுதான் சாச்சியின் முறைப்பாடு. காய்ச்சல் இல்லை, கண் மஞ்சளாகவில்லை. இஞ்சிப் பிளேன்டீ, கொத்தமல்லி, பார்மசியில் வாங்கிய கேஸ் குளிசை என்று மாதங்கள் ஓடின. கடைசியில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் ஸ்கேன் எடுத்தோம். பெயரை எழுதப் போவதில்லை. அங்கே படத்தைப் பார்த்தவர், "தண்ணிக் கட்டிதான், சனிக்கிழமை வாங்க, ஊசி போட்டு இழுத்துவிடலாம்" என்றார். சாச்சிக்குச் சந்தோசம். ஒரே ஊசி, பின்னேரமே வீட்டுக்கு வந்துவிடலாம்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் போகவில்லை. காரணம் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி. தாதியாக வேலை செய்கிறாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் உம்மாவைப் பார்க்க வந்தவளிடம் பேச்சுவாக்கில் படத்தை நீட்டினேன். இரண்டு நிமிடம் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "நானா, இது என்ன கட்டி என்று யாராவது பொறுப்பாகச் சொல்லும் வரைக்கும் இதில் ஒரு ஊசி நுனிகூடப் பட விடாதீங்க" என்றாள். இந்தப் பதிவில் நான் சொல்ல வந்ததில் பாதி அவளுடைய அந்த ஒரு வசனம்தான்.

பேராதனை ஆஸ்பத்திரியில் எங்கள் முறை வரும்போது பகல் கடந்திருந்தது. அங்கிருந்த சத்திரசிகிச்சை வைத்தியர் படத்தைப் பார்த்துவிட்டு, வலியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. சிங்களத்தில் முதல் கேள்வி: வெளிநாட்டில் வேலை செய்தீர்களா? இரண்டாவது: அங்கே செம்மறி ஆடு இருந்ததா? மூன்றாவது: நாய்?

சாச்சி 2008 முதல் ஏழு வருடம் ஜோர்தானில் வீட்டுவேலை செய்தவர். அம்மானுக்கு வெளியே, ஆட்டுப்பட்டி உள்ள வீடு. அறுபது எழுபது செம்மறி, பட்டியைக் காக்க இரண்டு பெரிய நாய்கள். பெருநாளுக்கும் விருந்துக்கும் வீட்டு முற்றத்திலேயே அறுப்பார்கள். இறைச்சி துப்புரவாக்குவது சாச்சியின் வேலை.

"சில ஈரல்ல தண்ணி முட்டை மாதிரி வெள்ளையா இருக்கும் டொக்டர். அது சமைக்க ஏலாது, நாய்க்குப் போடுன்னு மாமா சொல்லும். நான்தான் போடுறது."

வீட்டு எசமானியை அங்கே 'மாமா' என்றுதான் கூப்பிடுவார்களாம். இதை நான் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, அந்த வைத்தியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஒரு வருடமாக மூன்று இடம் ஏறி இறங்கியிருக்கிறோம். சாச்சியிடம் எந்த நாட்டில் எந்த மாதிரி வீட்டில் இருந்தாய் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

அந்தத் 'தண்ணி முட்டை'தான் சாச்சியின் ஈரலில் இருந்ததும். ஹைடாட்டிட் கட்டி என்பது அதன் பெயர். எக்கினோகொக்கஸ் கிரனுலோசஸ் என்ற நாடாப்புழுவின் குஞ்சுப் பருவம். முழுப் புழு நாயின் குடலில் இருக்கும். நாடாப்புழு என்றதும் முழக்கணக்கில் நினைக்க வேண்டாம், இது சில மில்லிமீற்றர்தான், ஒரு சோற்றுப் பருக்கையைவிடச் சின்னது. ஆயிரக்கணக்கில் இருந்தாலும் நாய்க்கு ஒன்றும் செய்யாது. நாய் துள்ளிக்கொண்டே திரியும். அதன் மலத்தோடு முட்டைகள் வெளியே வந்து புல்லிலும் மண்ணிலும் நீரிலும் நாயின் ரோமத்திலும் ஒட்டிக்கொள்ளும். மேயும் ஆடோ மாடோ அதை விழுங்கினால், முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு குடல் சுவரைத் துளைத்து இரத்தத்தில் ஏறும். குடலிலிருந்து போகும் இரத்தம் முதலில் வடிகட்டப்படும் இடம் ஈரல். அங்கே தங்கி, தன்னைச் சுற்றி ஒரு நீர்ப்பையைக் கட்டிக்கொள்ளும். தப்பிப் போவது நுரையீரலில் தங்கும். நூறு நோயாளிகளில் எழுபது பேருக்கு ஈரலிலும் இருபது பேருக்கு நுரையீரலிலும் வருவது இதனால்தான். அந்த ஈரலை இன்னொரு நாய் தின்றால் சக்கரம் முழுமையாகிவிடும். ஆறு ஏழு கிழமையில் அந்த நாயும் முட்டை விடத் தொடங்கும்.

இந்தச் சக்கரத்தில் மனிதன் வழி தவறி வந்த ஆள். முட்டையை விழுங்கினால் ஆட்டுக்கு நடப்பதுதான் நமக்கும் நடக்கும். ஆனால் நம் ஈரலை நாய் தின்னப் போவதில்லை, ஆகவே கட்டி உள்ளேயே வருடக்கணக்கில் வளர்ந்துகொண்டிருக்கும். மெதுவாக வளரும். பத்து வருடம் ஒரு அறிகுறியும் காட்டாமல் இருந்த கட்டிகள் சாதாரணம். சாச்சி ஊருக்கு வந்து வீடு கட்டி, மகளுக்குக் கலியாணம் முடித்து, பேரப்பிள்ளையைத் தூக்கிய காலம் முழுவதும் அது அங்கே இருந்திருக்கிறது.

"நாங்க நாய் வளர்க்கிறதே இல்லையே, எங்களுக்கு எப்படி?" என்றுதான் ஊரில் எல்லாரும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தடவை கழுவ வேண்டும் என்று ஓதப் போன வயதிலேயே படித்தவர்கள் நாங்கள். ஆனால் இந்த முட்டை நாயைத் தொட்டவரைத்தான் தேடிப் போகும் என்றில்லை. பட்டியோரத்துக் கீரையில் இருக்கும், கழுவாத கையில் இருக்கும், மூடாத தண்ணீரில் இருக்கும். ஈரமான குளிர்ந்த மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நாம் கையில் தடவும் கிருமிநாசினி அதைக் கொல்லாது. வெயிலும் வறட்சியும் நெருப்பும்தான் கொல்லும்.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பெரிய மந்திரம் எதுவும் தேவையில்லை, வயிற்று ஸ்கேன் போதும், பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். ஈரலில் நீர்க்கட்டி என்று வந்தால் பெரும்பாலும் அது பிறவியிலிருந்தே இருக்கும் வெறும் நீர்க்கட்டிதான், ஒன்றும் செய்யத் தேவையில்லாதது. ஆகவே ஸ்கேன் தாளில் 'கட்டி' என்ற சொல்லைக் கண்டு யாரும் பதற வேண்டாம். ஹைடாட்டிட் என்றால் சுவர் இரட்டைக் கோடாகத் தெரியும். சிலதில் உள்ளே பிள்ளைக் கட்டிகள் நிறைந்து தேன்கூடு மாதிரி இருக்கும். சிலதில் உள்சவ்வு கழன்று, தண்ணீரில் மிதக்கும் அல்லி இலை போல ஆடும். கிழடுதட்டிய கட்டி நூல்பந்து மாதிரி இறுகிப்போயிருக்கும். அதற்கும் பிறகு சுண்ணாம்பு படிந்து முட்டை ஓடாகும். தூனிசியாவின் ஹசன் கர்பி 1981இல் இந்தத் தோற்றங்களை வகை பிரித்தார். பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அதைத் திருத்தி, உயிரோடு இருப்பது, சாகத் தொடங்கியது, செத்துப்போனது என்று ஒழுங்குபடுத்தியது. இந்த வகைதான் வைத்தியத்தைத் தீர்மானிக்கிறது. கட்டியின் அளவு அதற்கு அடுத்தது. 'எத்தனை சென்ரிமீற்றர்?' என்று கேட்கும் நாம் 'எந்த வகை?' என்றும் கேட்கப் பழக வேண்டும்.

இரத்தப் பரிசோதனையும் உண்டு. அது துணைச் சாட்சிதான். இல்லை என்று வந்தாலும் கட்டி இல்லை என்று முடிவு கட்ட முடியாது. உடையாத, சுவர் பலமான கட்டி பல வேளைகளில் உடம்புக்குத் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. முந்திய தலைமுறை வைத்தியர்கள் கட்டியின் நீரைக் கைத்தோலில் குத்திப் பார்க்கும் கசோனி பரிசோதனையை நம்பியிருந்தார்கள். ஸ்கேன் வந்த பிறகு அது மறைந்துவிட்டது.

இனி அந்த ஊசி விசயம். அந்த மருத்துவ நிலையத்தில் சொன்னது முழுப் பைத்தியக்காரத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். நம் நாட்டில் ஈரல் கட்டி என்றால் வைத்தியர்களுக்கு அமீபாக் கட்டி நினைவுக்கு வருவது இயல்பு. யாழ்ப்பாணப் பக்கம் கள்ளுக் குடிப்பவர்களிடம் அதிகம் கண்டது அது. காய்ச்சலும் கடும் வலியுமாக வரும். மருந்தோடு, தேவையானால் ஊசியால் சீழை இழுத்துவிட்டால் ஆள் எழுந்து உட்காருவார். அந்தப் பழக்கம் இங்கே உயிருக்கு உலை வைக்கும். ஹைடாட்டிட் கட்டியின் நீர் முழுவதும் அந்நியப் புரதம். ஒரு துளி வயிற்றுக்குள் கசிந்தாலே ஒவ்வாமை பொங்கி, சில நிமிடங்களில் இரத்த அழுத்தம் விழுந்து ஆள் போகலாம். பிழைத்தாலும், அந்த நீரில் மணல்போல மிதக்கும் புழுத்தலைகள் சிந்திய இடமெல்லாம் புதுக் கட்டி முளைக்கும். ஒரு கட்டி வயிறு முழுக்கப் பரவிவிடும்.

இதே ஊசி சரியான கையில் வைத்தியமாகவும் ஆகிறது. 1980களில் தூனிசியாவிலிருந்து பரவிய முறை அது. ஸ்கேனில் பார்த்தபடி ஈரல் சதையினூடாகக் கட்டிக்குள் ஊசி விட்டு, நீரை இழுத்து, புழுவைக் கொல்லும் கடும் உப்புநீரையோ அல்ககோலையோ உள்ளே விட்டு, சிறிது நேரம் வைத்திருந்து திரும்ப இழுப்பார்கள். முன்கூட்டியே அல்பெண்டசோல் கொடுத்திருப்பார்கள், பிறகும் குறைந்தது ஒரு மாதம் கொடுப்பார்கள். ஒவ்வாமை வந்தால் சமாளிக்க ஆட்கள் பக்கத்தில் நிற்பார்கள். கட்டி பித்தக்குழாயோடு தொடர்புபட்டிருந்தால் இந்த முறை கூடாது, உள்ளே விடும் மருந்து பித்தக்குழாயையே பொசுக்கிவிடும். பிள்ளைக் கட்டிகள் நிறைந்ததற்கும் இது சரிவராது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குத்திக்கொண்டிருக்க முடியாதே.

5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த, உள்ளே தடுப்பில்லாத கட்டிக்குக் குளிசை மட்டுமே போதுமாகலாம். இறுகிப்போன, சுண்ணாம்பு படிந்த கட்டியை ஒன்றும் செய்யாமல், வருடா வருடம் ஸ்கேனில் பார்த்துக்கொண்டால் போதும். இதை நான் அழுத்தி எழுதக் காரணம், செத்த கட்டிக்கும் வயிற்றைக் கிழித்த கதைகளைக் கேட்டிருக்கிறேன்.

சாச்சியுடையது தேன்கூடு வகை. சத்திரசிகிச்சைதான் என்று முடிவானது.

முதலில் அல்பெண்டசோல், 400 மில்லிகிராம், காலையிலும் இரவிலும். நாம் வயிற்றுப் பூச்சிக்கு ஒரே ஒரு குளிசை விழுங்குவோமே, அதே மருந்துதான். இங்கே நாட்கணக்கும் மாதக்கணக்கும். வெறும் வயிற்றில் குடித்தால் பெரும்பகுதி உடம்பில் சேராமல் போய்விடும், கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுக்க வேண்டும் என்று வார்டில் சொல்லி அனுப்பினார்கள். உம்மா அதைப் பிடித்துக்கொண்டார். தினமும் தேங்காய்ப்பால் சொதி, பாற்சோறு, முட்டை. கொலஸ்ட்ரோலுக்குப் பயந்து வருடக்கணக்காகத் தேங்காய்ப்பாலை விட்டிருந்த சாச்சிக்கு அது ஒன்றுதான் ஆறுதல். இடைக்கிடை இரத்தம் எடுத்து ஈரல் நொதியங்களையும் வெள்ளை அணுக்களையும் பார்த்தார்கள், இந்த மருந்து இரண்டையும் கெடுக்கக் கூடியது. சீப்பில் முடி கொத்தாக வந்தது. மருந்து நின்றதும் திரும்ப வளரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் சாச்சி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இருந்துவிட்டார். கர்ப்பிணிகள் இந்த மருந்தை வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது.

ஒப்பரேஷன் அன்று நான் வெளியில்தான் இருந்தேன். பிறகு வைத்தியர் விளக்கினார். வயிற்றைத் திறந்ததும் கட்டியைச் சுற்றி ஈரல் மட்டும் தெரியும்படி, கடும் உப்புநீரில் தோய்த்த துணிகளை அடுக்கி அணை கட்டினார்களாம். ஒரு துளியும் வெளியே போகக் கூடாது. பிறகு நீரை உறிஞ்சி, பிள்ளைக் கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, உள்சவ்வைக் கழற்றி, பித்தம் கசிகிறதா என்று பார்த்து, குழாய் வைத்து மூடினார்கள். எடுத்ததை ஒரு கண்ணாடிச் சாடியில் காட்டினார்கள். ஊறிய சவ்வரிசி போலச் சின்னதும், உரித்த திராட்சை போலப் பெரியதுமாக, பளபளவென்று. சாச்சி நாய்க்குப் போட்டதும் இதுதான் என்று நினைத்தபோது எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒரு விசயம் என் நெஞ்சை அறுத்தது. சாச்சியின் கோப்பையும் கோப்பித் தம்ளரும் அடுப்படியில் தனியாக வைக்கப்பட்டிருந்தன. பேரனைத் தூக்க விடவில்லை. கெட்ட எண்ணத்தில் யாரும் செய்யவில்லை, புழு என்ற சொல் செய்த வேலை. அன்றிரவே எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்: இந்த நோய் மனிதரிடமிருந்து மனிதருக்கு வராது. முட்டை விடும் புழு நாயின் குடலில்தான் இருக்கும், நம் உடம்பில் அது உருவாகாது. எச்சிலால் வராது, கோப்பையால் வராது, கட்டியுள்ள ஈரலைச் சமைத்துத் தின்றாலும் நமக்கு வராது. அந்த ஈரல் ஆபத்து நாய்க்கு. நாய் வழியாகத்தான் நமக்கு.

இதனால்தான் ஐஸ்லாந்துக் கதை எனக்குப் பிடிக்கும். ஒரு காலத்தில் உலகிலேயே மிக மோசமாக இந்த நோய் பிடித்த நாடுகளில் ஒன்று அது. செம்மறியும் நாயும் இல்லாத வீடே இல்லை. 1863இல் ஹரால்ட் கிராபே என்ற டென்மார்க்காரர் அங்கே போய் நாய்களை அறுத்துப் பார்த்தார். நூறில் 28 நாய்க்குப் புழு இருந்தது. அவர் செய்தது சின்ன வேலை. ஆட்டின் ஈரலில் இருக்கும் நீர்க்கட்டியை நாய்க்குப் போடாதே, எரி அல்லது புதை என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அது வீடு வீடாகப் போனது. நீண்ட குளிர்கால இரவுகளில் மக்கள் அதை வாசித்தார்கள். பிறகு சட்டமும் நாய்களுக்குப் புழு மருந்தும் வந்தன. அல்பெண்டசோலும் ஸ்கேனும் கண்டுபிடிக்கப்படாத காலத்திலேயே நோயின் முதுகெலும்பு முறிந்துவிட்டது. இன்று ஐஸ்லாந்தில் அந்தப் புழுவே இல்லை. பிற்காலத்தில் நியூசிலாந்தும் தஸ்மேனியாவும் இதே வழியில் போயின.

இது வெளிநாட்டு நோய் என்று நாம் ஒதுங்கவும் முடியாது. 1950களிலேயே ஒட்டுண்ணியியல் அறிஞர் ஏ. எஸ். திசாநாயக்க இலங்கையின் உள்ளூர் மாடுகளிலும் நாய்களிலும் இந்தப் புழுவைப் பற்றி ஆராய்ந்து எழுதியிருக்கிறார். இந்தியாவில் ஆந்திரா, தமிழ்நாடு, காஷ்மீர் பக்கங்களில் சத்திரசிகிச்சை வைத்தியர்களுக்கு நன்கு பழக்கப்பட்ட கட்டி இது. சாச்சிக்கு ஜோர்தானில்தான் வந்தது என்று சத்தியம் செய்ய யாராலும் முடியாது, நூற்றுக்குத் தொண்ணூறு அப்படித்தான் என்றார் வைத்தியர்.

எங்கள் மஹல்லாவில் ஹஜ்ஜுப் பெருநாளன்று என்ன நடக்கிறது என்று இந்த வருடம் கவனித்துப் பார்த்தேன். இறைச்சியைப் பங்கிடுவதில் ஒரு குறையும் இல்லை. நிறுத்து, பொதி கட்டி, ஏழை வீடுகளுக்கு முதலில் போகிறது. கழிவுதான் கேள்வி. இரைப்பையைப் பாபத்துக்கென்று எடுப்பவர்கள் எடுத்துப்போன பிறகு மிஞ்சும் நுரையீரல், பழுதான ஈரல், குடல் எல்லாம் சில இடங்களில் ஓடைக்கரைக்குப் போகின்றன. அன்று பின்னேரம் தெருநாய்கள் அங்கே கூடுகின்றன. மாட்டில் வரும் கட்டி பல வேளைகளில் புழுத்தலை இல்லாத மலட்டுக் கட்டியாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் எது மலடு, எது விதை என்று கத்தியோடு நிற்பவர் கண்ணால் சொல்ல முடியாது.

வெளிநாட்டில் ஆடு மேய்த்த, பட்டியுள்ள வீட்டில் வேலை செய்த உம்மாமார், சாச்சிமார், நானாமார் நம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். வலது விலாவில் நாட்பட்ட பாரம் என்று சொன்னால் ஒரு ஸ்கேன் எடுங்கள், எந்த நாட்டில் எப்படிப்பட்ட வீட்டில் இருந்தார்கள் என்பதை வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். கட்டி என்று வந்தால் பெயர் தெரியும் முன்பு ஊசிக்குச் சம்மதிக்காதீர்கள்.

பள்ளி நிர்வாகத்தில் இருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய ஜும்ஆவில் இரண்டு நிமிடம் இதற்காக ஒதுக்குங்கள். அறுப்பதற்கு முதல் நாளே குழியை வெட்டி வையுங்கள். நாய் தோண்டி எடுக்க முடியாத ஆழம் இருக்கட்டும். சுண்ணாம்பு தூவி மூடுங்கள். மண்வெட்டி பிடிக்க ஆள் போதாவிட்டால் எனக்குச் சொல்லுங்கள், நான் வருகிறேன்.